பக்கத்து அறையிலிருந்து பாரிஸ் வரை

இந்த வாரம் கல்லூரி ஆசிரியர்களின் கேள்விகள் மட்டும். கற்பிக்கிறவர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொள்ள ஒரு வட்டத்தை எப்படி அமைத்துக்கொள்வது என்பதுதான் வந்த கடிதங்களில் பாதிக்கும் மேல். நேராகப் பதிலுக்குப் போய்விடுவோம்.

உதவிப் பேராசிரியர் (வணிகவியல்), விருதுநகர்: நெட் தேறியாயிற்று, முனைவர் பட்டமும் வாங்கியாயிற்று. இனியும் கற்றல் வட்டம் எதற்கு?

பட்டம் வாங்கும்வரை உங்கள் எழுத்தைத் திருத்த ஒரு நெறியாளர் இருந்தார். வேலையில் சேர்ந்த பிறகு உங்கள் வகுப்பைப் பார்த்து, ‘இந்த இடம் புரியலை’ என்று சொல்ல யார் இருக்கிறார்கள்? மாணவருக்குப் பயம், முதல்வருக்கு நேரமில்லை. முப்பது வருடம் யாரும் திருத்தாமல் பாடம் நடத்துவது எதிரே உட்கார்ந்திருக்கும் அறுபது பேருக்கு நல்லதல்ல. உங்கள் துறையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது. அதற்கு முன் படித்துவிட்டு வேலைக்கு வந்தவர்கள் எல்லோரும் ஆடிட்டரிடமோ, வரி அலுவலகத்தில் இருந்த நண்பரிடமோ, மூத்த சகாவிடமோ கேட்டுத்தான் அதைக் கற்றார்கள். வேண்டியபோது கேட்க ஆள் இருந்ததால்தான் அடுத்த பருவத்தில் அவர்களால் வகுப்பெடுக்க முடிந்தது.

உதவிப் பேராசிரியர் (ஆங்கிலம்), கோவில்பட்டி: எங்கிருந்து தொடங்குவது?

பக்கத்து வகுப்பறையிலிருந்து. ‘சார், நாளைக்கு உங்க ரெண்டாவது ஹவர்ல கடைசி பெஞ்ச்ல உட்காரலாமா?’ என்று கேளுங்கள். முதலில் கொஞ்சம் திகைப்பார். ‘கவனிக்க வரல சார், கத்துக்கத்தான் வரேன்’ என்று சொன்னால் பெரும்பாலும் சம்மதிப்பார். உட்கார்ந்ததும் ஆசிரியரைப் பார்க்காதீர்கள், பிள்ளைகளைப் பாருங்கள். எந்த இடத்தில் பேனா நிற்கிறது, எந்த வரிசை எப்போது ஜன்னல் பக்கம் திரும்புகிறது, கேள்வி கேட்டதும் யார் தலை குனிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நம் வகுப்பில் நாம் கரும்பலகைக்கு முன்னே நிற்பதால் இவை கண்ணில் படுவதே இல்லை.

ஒன்றை மட்டும் எண்ணியே பாருங்கள். கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர் எத்தனை நொடி காத்திருக்கிறார்? 1970களில் அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற கல்வியாளர் வகுப்பறை ஒலிப்பதிவுகளைக் கேட்டு இதை ஆராய்ந்தார். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதற்குள் பதில் வராவிட்டால் தாங்களே சொல்லிவிட்டார்கள். மூன்று நொடி காத்திருக்கப் பழகியதும் பதில்கள் நீண்டன, வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். செலவே இல்லாத மாற்றம் இது. ஆனால் நம் காத்திருப்பை எண்ண நம்மால் முடியாது, கடைசி பெஞ்சில் இன்னொருவர் வேண்டும். அடுத்த வாரம் அவரை உங்கள் வகுப்புக்கு அழைத்துவிடுங்கள். இரண்டு பேர் சேர்ந்தால் வட்டம் தொடங்கிவிட்டது.

உதவிப் பேராசிரியர் (கணிதம்), கள்ளக்குறிச்சி: எங்கள் ஊரில் பல்கலைக்கழகம் இல்லை, ஆய்வு நிறுவனம் இல்லை. பெரிய ஆட்கள் எல்லாம் சென்னையில். நாங்கள் யாரோடு வட்டம் சேர்ப்பது?

உங்களுக்குப் பக்கத்திலேயே இதற்குப் பதில் இருக்கிறது. வி. ராமஸ்வாமி ஐயர் துணைக் கலெக்டர், கணிதத்தின் மேல் தீராத ஆசை கொண்டவர். வேலை பார்த்த ஊர்களில் நல்ல ஆய்விதழ் எதுவும் கிடைக்கவில்லை. அதற்காகச் சோர்ந்து உட்காரவில்லை. நாட்டின் பல மூலைகளில் இருந்த கணித ஆர்வலர்களுக்குக் கடிதம் எழுதி, 1907-ல் ஒரு சங்கம் தொடங்கினார். அதன் முதல் வேலையே ஆளுக்குக் கொஞ்சம் சந்தா போட்டு, வெளிநாட்டு இதழ்களையும் புத்தகங்களையும் வாங்கி, உறுப்பினர்களுக்குள் தபாலில் சுற்றுக்கு விடுவதுதான். அதுதான் இன்றைய இந்தியக் கணிதச் சங்கம்.

1910-ல் அவர் திருக்கோவிலூரில் இருந்தபோது, குமாஸ்தா வேலை கேட்டு ஓர் இளைஞர் நோட்டுப் புத்தகங்களோடு வந்தார். அந்த நோட்டுகளில் என்ன இருந்தது என்று ராமஸ்வாமி ஐயருக்குத் தெரிந்தது. தாலுகா ஆபீசில் உட்கார வைத்து அவரை வீணாக்க விரும்பாமல், சென்னையில் இருந்த கணித நண்பர்களிடம் கடிதம் கொடுத்து அனுப்பினார். அந்த இளைஞர்தான் ராமானுஜன். அவருடைய முதல் கட்டுரை 1911-ல் வெளிவந்ததும் அதே சங்கத்தின் இதழில்தான். கேம்பிரிட்ஜில் இருந்த கணிதவியலாளர் ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதம் 1913 ஜனவரியில். அதற்கு முன்பே அவரைத் தாங்கிப் பிடித்தது துணைக் கலெக்டர், கல்லூரி ஆசிரியர், துறைமுக அதிகாரி என்று பல வேலைகளில் இருந்தவர்கள் கடிதத்தால் கட்டிய வட்டம். திருக்கோவிலூர் இன்று உங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது.

கணிதத் துறைக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். தேசியக் கணித மையம் கல்லூரி ஆசிரியர்களுக்கென்றே செறிவூட்டல் பட்டறைகளை நாட்டின் பல ஊர்களில் நடத்துகிறது. சென்னையில் 1965 முதல் இயங்கிவரும் இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் இருக்கிறது. இரண்டிலும் உங்கள் ஊரைப் போன்ற ஊர்களிலிருந்து வருகிறவர்கள் நிறைய. போனால் ஒதுக்கப்பட்டவர் போல நிற்க வேண்டியிருக்காது.

உதவிப் பேராசிரியர், தருமபுரி: வாட்ஸ்அப் குழு போதாதா?

250 பேர் இருக்கும் குழு அறிவிப்புப் பலகைக்குத்தான் ஆகும். ஏழெட்டுப் பேர், ஒரே பாடம், வாரம் ஒரு கேள்வி என்று வையுங்கள். காலை வணக்கப் படம் வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

தமிழ்த்துறை ஆசிரியர், கும்பகோணம்: இதெல்லாம் அறிவியல் துறைக்குச் சரி. தமிழ் நடத்துகிறவர்களுக்கு எதற்கு?

கும்பகோணத்திலிருந்து இந்தக் கேள்வியா? உங்கள் ஊர் அரசுக் கல்லூரியில் 1880-ல் தமிழாசிரியராகச் சேர்ந்தவர்தான் உ.வே. சாமிநாதையர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர், கற்ற நூல்கள் ஏராளம். அதே ஆண்டு அக்டோபரில், ஊருக்கு முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்ட முதலியார், அந்தாதி, கலம்பகம், புராணம் என்று நீண்ட பட்டியலைக் கேட்டும் அசரவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். படித்ததில்லை. அந்த ஒரு சந்திப்பு அவர் வாழ்க்கையையே திருப்பிவிட்டது.

அதன் பிறகு அவர் செய்ததைத்தான் ஒவ்வொரு கல்லூரி ஆசிரியரும் கவனிக்க வேண்டும். சிந்தாமணியைப் படிக்கப் படிக்கச் சமண சமயக் கருத்துகள் பிடிபடவில்லை. ஆசிரியர் என்ற மதிப்பை ஒதுக்கி வைத்துவிட்டு, ஊரில் வாழ்ந்த சமணர்களைத் தேடிப்போய்க் கேட்டார். அவர் போன நாளில் ஒரு வீட்டில் சிந்தாமணியைப் படித்து முடித்ததைக் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். பண்டிதர்களுக்கே எட்டாமல் போன நூல், நாலு தெரு தள்ளி ஒரு வீட்டில் உயிரோடு வாசிக்கப்பட்டுக்கொண்டிருந்தது. அங்கே உட்கார்ந்து சந்தேகம் சந்தேகமாகக் கேட்டுத் தெளிந்தார். மடங்கள், ஏட்டுச்சுவடி வைத்திருந்த கவிராயர் வீடுகள், வெளியூர் நண்பர்கள் என்று வட்டம் விரிந்தது. 1887-ல் சிந்தாமணி அச்சாகி வந்தது. அந்தப் பதிப்பைப் பார்த்துவிட்டுப் பாரிஸில் தமிழ் கற்பித்துவந்த ஜூலியன் வின்சோன் கடிதம் எழுதினார். அங்கே நூலகத்தில் இருந்த தமிழ்ச் சுவடிகள் பற்றிய செய்தியும் அப்படித்தான் வந்தது. அந்தக் காலத்தில் அவருக்கு வந்த கடிதங்கள் ஆயிரக்கணக்கில் சென்னையில் அவர் பெயரிலுள்ள நூலகத்தில் இருக்கின்றன, தொகுக்கப்பட்டு நூலாகவும் வருகின்றன.

தமிழ்த்துறைக்குத்தான் வட்டம் முதலில் வேண்டும். கல்வெட்டு படிக்கத் தெரிந்தவர், கூத்துக் கலைஞர், மருத்துவச் சுவடி வைத்திருக்கும் சித்த வைத்தியர் என்று நம் பாடம் கல்லூரிக்கு வெளியேதான் பாதி இருக்கிறது.

இணைப் பேராசிரியர், ஈரோடு: எஃப்.டி.பி., ரெஃப்ரெஷர் என்று பயிற்சிகளுக்குப் போய்ச் சான்றிதழ் கோப்பு தடித்துவிட்டது. வட்டம் மட்டும் அமையவில்லையே?

சான்றிதழ் பதவி உயர்வுக்கு வேண்டும், அதைக் குறை சொல்ல மாட்டேன். யுஜிசி 1987-ல் கல்விப் பணியாளர் கல்லூரிகளை (அகாடமிக் ஸ்டாஃப் காலேஜ்) தொடங்கியபோது நோக்கம் நல்லதாகவே இருந்தது. பிறகு அவை மனிதவள மேம்பாட்டு மையங்கள் ஆயின, இப்போது மாளவியா ஆசிரியர் பயிற்சி மையங்கள். பெயர் எதுவானாலும் பத்துப் பன்னிரண்டு நாள் ஒரே பாடத்துக்காரர்கள் நாற்பது பேரை ஒரே கூரையின் கீழ் உட்கார வைக்கிறார்கள். வேறு எங்கும் கிடைக்காத வாய்ப்பு அது. ஆனால் நாம் என்ன செய்கிறோம்? நம் கல்லூரிக்காரரோடே உட்கார்ந்து, அவரோடே டீ குடித்து, அவரோடே பஸ் ஏறிவிடுகிறோம்.

அடுத்த முறை போகும்போது, உங்களுக்கு நடத்தக் கடினமாக இருக்கும் ஒரே ஒரு பாடப் பகுதியை மனதில் வைத்துக்கொண்டு போங்கள். டீ இடைவேளையில் வேறு ஊர்க்காரரிடம், ‘இதை நீங்க எப்படி நடத்துறீங்க?’ என்று கேளுங்கள். ஐந்து பேரைக் கேட்டால் இரண்டு பேர் ஆர்வமாகப் பேசுவார்கள். அந்த இருவரின் எண் போதும். ஊர் திரும்பிய பத்து நாளுக்குள் அவர்களுக்கு ஏதாவது ஒன்றை அனுப்புங்கள். நீங்கள் தயாரித்த வினாத்தாளாகவும் இருக்கலாம், ஆய்வகக் குறிப்பாகவும் இருக்கலாம். முதலில் கொடுப்பவர் நீங்களாக இருங்கள்.

உதவிப் பேராசிரியர் (இயற்பியல்), நாகப்பட்டினம்: ஐ.ஐ.டி. பேராசிரியர் ஒருவருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். பதில் இல்லை. நம்மை மதிக்கமாட்டார்களா?

என்ன எழுதினீர்கள் என்பதையும் அனுப்பியிருக்கிறீர்கள்: ‘தங்கள் பணியில் மிகுந்த ஈடுபாடு உடையவன், தங்கள் வழிகாட்டலை நாடுகிறேன்.’ இதற்கு அவர் என்ன பதில் எழுத முடியும்? வழிகாட்டல் என்றால் எதற்கு, எவ்வளவு நேரம் என்று ஒன்றும் தெரியவில்லையே.

இப்படி எழுதிப் பாருங்கள்: ‘என்.பி.டி.இ.எல்.லில் உங்கள் விரிவுரையைப் பார்த்து நடத்துகிறேன். ஹைட்ரஜன் அணுவின் ஆற்றல் எதிர்க்குறியில் இருப்பதை ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். என் இரண்டாம் ஆண்டு மாணவர்கள் அங்கேதான் நிற்கிறார்கள். ஆற்றல் எப்படிப் பூஜ்யத்துக்குக் கீழே போகும் என்கிறார்கள். எலக்ட்ரானைப் பிரித்தெடுக்க நாம் கொடுக்க வேண்டிய ஆற்றல் அது என்று விளக்கினேன். இந்த விளக்கம் பின்னால் வேறு எங்காவது இடிக்குமா?’ கேள்வி ஒன்று, உங்கள் முயற்சி ஒன்று, இரண்டு நிமிடத்தில் பதில் சொல்ல இடம். பாடத்தை நேசிக்கிறவர் இதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க மாட்டார். அப்படியும் பதில் வராவிட்டால் மூன்று வாரம் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல். பிறகு வேறு ஒருவருக்கு எழுதுங்கள். ராமானுஜனுக்கும், ஹார்டிக்கு எழுதும் முன், இரண்டு பேராசிரியர்களிடமிருந்து உதவி கிடைக்கவில்லை.

இயற்பியல் என்பதால் கூடுதலாக ஒன்று. 1984-ல் தொடங்கிய இந்திய இயற்பியல் ஆசிரியர் சங்கத்தில் சேருங்கள். டெல்லியில் பல்கலைக்கழகங்களுக்கான முடுக்கி மையம் உருவாக்கிய ‘எக்ஸ்ப்-ஐஸ்’ என்ற சிறு கருவியையும் பாருங்கள். கணினியில் செருகினால் அலைகாட்டியாக வேலை செய்யும். ஆய்வகத்தில் ஒரே அலைகாட்டியைச் சுற்றி இருபது பேர் நிற்கும் கல்லூரிகளுக்கு அது பெரிய உதவி. அதைப் பயன்படுத்தும் ஆசிரியர்கள் தாங்கள் செய்த சோதனைகளைத் தாராளமாகப் பகிர்கிறார்கள்.

உதவிப் பேராசிரியர், சிவகங்கை: ஆங்கிலத்தில் பேசத் தயக்கமாக இருக்கிறது. அதனாலேயே ஒதுங்கி இருக்கிறேன்.

தமிழில் தொடங்குங்கள். முதல் பத்துப் பேர் தமிழ்நாட்டிலேயே கிடைப்பார்கள். மென்பொருள் கற்க ஐ.ஐ.டி. பம்பாயின் ஸ்போக்கன் டியுடோரியல் தமிழிலும் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுத வேண்டி வந்தால் குட்டி வாக்கியங்களாக எழுதுங்கள். உங்கள் ஆங்கிலத் துறையில் ஒருவரிடம் காட்டித் திருத்துங்கள். அவரும் உங்கள் வட்டத்தில் சேர்ந்துவிடுவார்.

உதவிப் பேராசிரியர், திண்டுக்கல்: மாலை நாலரை பஸ்ஸை விட்டால் அடுத்தது ஆறு மணிக்கு. வீட்டில் குழந்தை, மாமியாருக்கு மருந்து. ஞாயிற்றுக்கிழமைக் கருத்தரங்குக்கு எப்படிப் போவேன் சார்?

போக வேண்டாம் அம்மா. ஞாயிற்றுக்கிழமை வைக்கிறவர்களைத்தான் கேட்க வேண்டும். ஆசிரியர் கற்றுக்கொள்வது வேலையின் ஒரு பகுதி. அதை வேலை நாளில், வேலை நேரத்தில், ஓ.டி. (வெளிப் பணி அனுமதி) கொடுத்து நடத்த வேண்டும். முதல்வர்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள்: டைம்டேபிளில் வாரம் ஒரு மணி நேரம் துறை ஆசிரியர்கள் அனைவருக்கும் பொதுவாகக் காலியாக விடுங்கள். அந்த மணியில் நாக் தரமதிப்பீட்டுக் கோப்பு வேலையைத் திணிக்காதீர்கள்.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியது: உங்களைப் போலவே அந்த நாலரை பஸ்ஸில் வருகிறவர்கள் யார் என்று பாருங்கள். வேறு கல்லூரிக்காரர்கள் நிச்சயம் இருப்பார்கள். பஸ்ஸில் பாடம் பேசித் தேறியவர்கள் இந்தத் தொழிலில் நிறையப் பேர்.

கௌரவ விரிவுரையாளர், திருவாரூர்: நிரந்தரம் இல்லை, ஓ.டி. இல்லை. எனக்கு வட்டம் ஒரு கேடா என்று நினைக்கிறேன்.

உங்கள் கோபம் நியாயம். உரிய சம்பளத்துக்கும் பணிப் பாதுகாப்புக்கும் பதிலாக யாரும் ‘வட்டம்’ என்று சொன்னால் ஏற்காதீர்கள். ஆனால் வேலை எந்த நாளும் கை மாறலாம் என்ற நிலையில் இருக்கிறவருக்குத்தான் பல கல்லூரிகளில் தெரிந்தவர்கள் வேண்டும். எங்கே இடம் காலி, எந்தப் பாடத்துக்கு ஆள் தேவை என்பது முதலில் அவர்கள் வழியாகத்தான் வருகிறது. செலவில்லாமல் கற்கவும் வழி உண்டு: ஸ்வயம் இணையத் தளத்தில் பாடம் படிக்கக் கட்டணம் இல்லை, சான்றிதழுக்கான தேர்வு எழுதினால்தான் பணம். நிரந்தரப் பணியில் இருக்கும் மூத்தவர்களே, உங்கள் துறைக் கூட்டத்தில் கௌரவ விரிவுரையாளருக்கும் ஒரு நாற்காலி போடுங்கள். பல கல்லூரிகளில் பாதி வகுப்பை அவர்கள்தான் எடுக்கிறார்கள்.

ஆய்வாளர், சேலம்: தினம் பத்து ‘சர்வதேச’ இதழ்களிடமிருந்து கட்டுரை கேட்டு அழைப்பு வருகிறது. எது உண்மை?

மூன்று நாளில் ஏற்பதாகச் சொல்லிப் பணம் கேட்பதை உடனே அழித்துவிடுங்கள். 2025 பிப்ரவரியில் யுஜிசி தரமான இதழ்களுக்கான தன் கேர் பட்டியலைக் கைவிட்டது. இனி இதழின் தரத்தை நாமும் நம் நிறுவனமும்தான் எடைபோட வேண்டும். அந்த இதழில் எழுதிய ஒருவரிடம் கேளுங்கள்: மதிப்பீட்டாளர் என்ன திருத்தம் சொன்னார்? ஒன்றும் சொல்லவில்லை என்றால் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

உதவிப் பேராசிரியர், புதுக்கோட்டை: நல்ல ஆய்விதழ்களைப் படிக்கவே வழியில்லையே?

உங்கள் கல்லூரி நூலகரைப் பார்த்து எத்தனை நாளாயிற்று? ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் 2025 ஜனவரியில் தொடங்கியது. 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்காக அதில் இருக்கின்றன. உதவிபெறும் கல்லூரிகளுக்கு என்-லிஸ்ட் என்ற இணையவழித் திட்டம் உண்டு. பல இடங்களில் பதிவு செய்யாமலோ, கடவுச்சொல் வாங்காமலோ இவை கிடக்கின்றன. நம் வட்டத்தில் நாம் மறந்துபோகும் முதல் ஆள் நூலகர்தான். ஒரு வெள்ளிக்கிழமை மதியம் அவரோடு உட்கார்ந்து கேளுங்கள், சந்தோஷமாகச் சொல்லித் தருவார்.

உதவிப் பேராசிரியர், வேலூர்: என் குறிப்புகளைப் பகிர்ந்தால் பிறர் தம் பெயரில் போட்டுக்கொள்கிறார்களே?

பெயரும் தேதியும் அடியில் இட்டு அனுப்புங்கள். எடுத்துப் போட்டவரிடம் நேரே கேளுங்கள். பகிர்வதை மட்டும் நிறுத்தாதீர்கள். அவர் வகுப்புப் பிள்ளைகளுக்காவது நல்ல குறிப்பு கிடைத்தது.

உதவிப் பேராசிரியர், கோவை: எல்லாச் சந்தேகத்துக்கும் சாட்ஜிபிடி பதில் சொல்கிறது. மனிதர்கள் எதற்கு?

விளக்கம் சொல்லும், சரிபார்த்துப் பயன்படுத்துங்கள். ஆனால் நீங்கள் நேற்று நடத்திய வகுப்பை அது பார்க்கவில்லை. ‘சார், அந்தப் பொண்ணு மூணு நாளா சாப்பிடாம வருது, கவனிச்சீங்களா?’ என்று ஸ்டாஃப் ரூமில் சொல்ல சக ஆசிரியர்தான் வேண்டும்.

இணைப் பேராசிரியர் (வேதியியல்), நாகர்கோவில்: ஓய்வுபெற இரண்டு வருடம் இருக்கிறது. இனி வட்டம் சேர்த்து என்ன பயன்?

உங்களிடம் இருப்பது உங்களோடு போய்விடக் கூடாது. சென்னையில் பி.கே. சீனிவாசன் என்று ஒரு பள்ளிக் கணித ஆசிரியர் இருந்தார். ஓய்வுக்குப் பிறகு ஊர் ஊராகப் போய் ஆசிரியர்களுக்குக் கணிதம் கற்பிக்கக் கற்றுக்கொடுத்தார். ராயபுரத்தில் 1993-ல் ராமானுஜன் அருங்காட்சியகம் உருவானதும் அவர் உழைப்பால்தான். 2005-ல் மறையும்வரை அந்த வேலையை அவர் விடவில்லை.

நீங்கள் வேதியியல். எந்தக் கரைசலை எத்தனை நாளுக்கு மேல் வைக்கக் கூடாது, உப்புப் பகுப்பாய்வில் பிள்ளைகள் எந்த இடத்தில் ஏமாறுவார்கள், எந்த அமிலக் குப்பியை எங்கே வைத்தால் விபத்து வராது என்பதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் இல்லை, உங்கள் கையில் இருக்கிறது. ஒரு நோட்டு வாங்கித் தமிழிலேயே எழுதத் தொடங்குங்கள், வாரம் இரண்டு பக்கம் போதும். முதல் பத்துப் பக்கம் ஆனதும் படியெடுத்து எனக்கு அனுப்புங்கள். குமரி மாவட்டத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த வேதியியல் ஆசிரியர்கள் சிலரிடம் அதை நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.